கால் கழுவி வந்தவர்கள்: மலக்குடல் அறுவையின் நூறாண்டும் மறைத்துச் சொல்லும் மொழியும்

தமிழ் இலக்கணம் படித்த எவரும் மறக்காத எடுத்துக்காட்டு ஒன்று உண்டு: ‘கால் கழுவி வந்தான்’. மலங்கழித்து வந்தான் என்பதைப் பிறர்முன் சொல்லக் கூசி, வேறு சொல்லால் மறைத்துச் சொல்லும் இவ்வழக்குக்கு இடக்கரடக்கல் என்று பெயர். நன்னூலில் பவணந்தி முனிவர் இதனை மங்கலம், குழூஉக்குறி ஆகியவற்றோடு சேர்த்துத் தகுதி வழக்கு என வகுத்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அவையில் சொல்லத் தகாத சொல்லை மறைத்துச் சொல்லுதல் வேண்டும் என்று தொல்காப்பியத்தின் எச்சவியல் விதித்திருந்தது. ‘வெளிக்குப் போதல்’, ‘கொல்லைக்குப் போதல்’, ‘இரண்டுக்குப் போதல்’ என்று அவ்விதி இன்றும் வாழ்கிறது. கன்னடத்தில் இதே செயலுக்கு வழங்கும் ‘பஹிர்தெசெ’ என்ற சொல்லுக்கும் ‘வெளித்திசை’ என்பதே பொருள். அண்டை மொழிகள் இரண்டும் ஒரே திசையைச் சுட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கின்றன.

இந்நாகரிகத்தில் பிழை ஏதுமில்லை. ஆனால் மலக்குடலில் புற்று வந்தவருக்கு இம்மறைப்பு இருமுறை குறுக்கே நிற்கிறது. நோய் கண்டறியப்படுவதற்கு முன்பு ஒருமுறை; அறுவை முடிந்து உயிர் பிழைத்த பின்பு மற்றொருமுறை. முதலாவதைப் பற்றி ஓரளவு பேசப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கு மருத்துவ உலகம் பெயர் சூட்டி அளக்கத் தொடங்கியதே அண்மைக் காலத்தில்தான். அந்தத் தாமதத்தின் வரலாறு அறுவைக் கூடத்தின் வரலாறாகவும் மொழியின் வரலாறாகவும் இருக்கிறது.

முதல் மறைப்புக்குத் தமிழகம் அறிந்த சான்று ஒன்று உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912இல் பட்டம் பெற்ற டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்கு 1920களின் தொடக்கத்தில் வயிற்றுப்போக்கும் இரத்தப்போக்கும் கண்டன. சீதபேதி என்று கருதி மருந்து கொடுக்கப்பட்டது. மலக்குடல் புற்று என்று தெரியவந்தபோது காலம் கடந்துவிட்டிருந்தது. அத்தங்கையின் மரணமே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற எண்ணத்தை முத்துலட்சுமியின் உள்ளத்தில் விதைத்தது. முப்பதாண்டு முயற்சிக்குப் பின் 1954இல் அடையாறு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் புற்றுநோய் மருத்துவத்துக்கு வித்திட்ட மரணம் ஒரு தவறான பெயரால் நேர்ந்தது. இன்றும் மலத்தில் இரத்தம் கண்டால் முதலில் நாவில் வருவது ‘மூலம்’ என்ற சொல்தான். கன்னடத்திலும் அது ‘மூலவியாதி’யே. நன்கு தெரிந்த சிறு நோயின் பெயர், தெரியாத பெருநோயை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் நிற்கிறது.

அறுவை மருத்துவத்தின் பக்கம் வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் பணியாற்றிய எர்னெஸ்ட் மைல்ஸ், மலக்குடல் புற்றைக் கீழ்ப்புறம் வழியாக மட்டும் அகற்றிய தம் நோயாளிகள் 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியதைக் கண்டார். புற்று நிணநீர்ப் பாதைகள் வழியாக மேலும் பக்கவாட்டிலும் கீழும் பரவுகிறது என்று முடிவு செய்து, வயிற்றின் வழியாகவும் கீழ்ப்புறம் வழியாகவும் மலக்குடலை ஆசனவாயோடு முழுமையாக அகற்றும் முறையை 1908இல் ‘லான்செட்’ இதழில் விளக்கினார். அவர் அவ்வாறு அறுவை செய்த முதல் பன்னிருவரில் ஐவர் இறந்தனர். பிழைத்தவர் எஞ்சிய நாளெல்லாம் வயிற்றில் இட்ட துளை வழியாகவே மலங்கழிக்க வேண்டியிருந்தது. ஆயினும் அதற்கு முன் பிழைப்பதற்கு வழியே இல்லாதிருந்தது. உயிரா, உறுப்பா என்ற கேள்விக்கு மைல்ஸ் தந்த விடை அரை நூற்றாண்டு நிலைத்தது.

அவ்விடையை அசைத்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கிளாட் டிக்சன். மலக்குடலின் மேற்பகுதியில் உள்ள புற்றை அகற்றி, பெருங்குடலை எஞ்சிய பகுதியோடு இணைத்து, ஆசனவாயைக் காத்துவிடலாம் என்பதை 1948இல் வெளியான தம் கட்டுரையில் அவர் காட்டினார். குறுகிய இடுப்புக்கூட்டின் ஆழத்தில் கையால் தையலிடுவது கடினம். 1950களில் சோவியத் மருத்துவர்களும் பொறியாளர்களும் குடலைத் தைக்கும் கருவிகளை உருவாக்கியிருந்தனர். 1958இல் அங்குச் சென்ற அமெரிக்க அறுவை மருத்துவர் மார்க் ராவிச் அவற்றைக் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1970களின் பிற்பகுதியில் வட்டவடிவத் தையற்கருவி பரவியபோது, ஆசனவாய்க்கு மிக அருகிலும் குடலை இணைக்க முடிந்தது. 1982இல் இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரைச் சேர்ந்த பில் ஹீல்ட், மலக்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சிதையாமல் முழுமையாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது பெரிதும் குறையும் என்று வாதிட்டார். 1997இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வு, அறுவைக்கு முன் ஒரு வாரம் கதிர்வீச்சு அளித்தால் அவ்வாறு நோய் திரும்புவோர் 27 விழுக்காட்டிலிருந்து 11 விழுக்காடாகக் குறைகின்றனர் என்று காட்டியது.

இவை ஒவ்வொன்றும் உண்மையான வெற்றி. ஆனால் இவ்வெற்றிகள் எவ்வாறு அளக்கப்பட்டன என்பதைக் கவனிக்க வேண்டும். எத்தனை பேர் ஐந்தாண்டு வாழ்ந்தனர்? எத்தனை பேருக்கு நோய் திரும்பியது? எத்தனை பேருக்கு நிரந்தரப் பை தவிர்க்கப்பட்டது? மூன்றாவது கேள்விக்கு ‘தவிர்க்கப்பட்டது’ என்ற விடை வந்தவுடன் கணக்கு மூடப்பட்டது. ஆசனவாய் காக்கப்பட்டது என்பதும் அது முன்போலவே இயங்குகிறது என்பதும் ஒன்றெனக் கொள்ளப்பட்டன.

அவை ஏன் ஒன்றல்ல என்பதை உடற்கூறு விளக்கும். மலக்குடல் ஏறத்தாழ 15 செ.மீ. நீளமுள்ள, விரிந்து கொடுக்கும் ஒரு பை. மலம் வந்து சேரும்போது அழுத்தம் கூடாமல் விரிந்து இடமளிப்பதும், தக்க நேரம் வரும்வரை தாங்கிக்கொள்வதும் அதன் பணி. அதன் அடியில் உள்ள நுண்ணுணர்வுடைய தோற்பரப்பு, வந்திருப்பது காற்றா, நீரா, திடமா என்று பிரித்தறிகிறது. நம் விருப்பமின்றியே இறுகி நிற்கும் உள்தசை வளையமும், விருப்பப்படி இறுக்கக்கூடிய வெளித்தசை வளையமும் வாயிலைக் காக்கின்றன. அறுவையில் அந்தப் பை அகற்றப்பட்டு, அதன் இடத்தில் விரியும் இயல்பு குறைந்த பெருங்குடல் இறக்கி இணைக்கப்படுகிறது. நரம்புகள் சில பாதிப்புறுகின்றன. கதிர்வீச்சு திசுக்களை இறுக்குகிறது. விளைவாக, சிறிதளவு மலம் வந்தாலும் உடனே ஓட வேண்டியிருக்கிறது. முழுதும் கழியாமல் அரை மணிக்குள் மீண்டும், அதற்குப் பின் மீண்டும் போக நேர்கிறது. காற்று என்று நம்பி விட்டது கறையாகிறது. ஒருநாள் பத்து முறை. அடுத்த இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. 1986இல் பிரெஞ்சு மருத்துவர்கள் பெருங்குடலின் நுனியை மடித்து ஒரு சிறு பையாகத் தைத்து இணைக்கும் முறையைக் கொண்டுவந்தது, இழந்த கொள்கலனை ஈடுசெய்யும் முயற்சியே. அது முதலாண்டுகளில் உதவியது; முழு விடையாகவில்லை.

தாழ்வான இணைப்பு ஆறும்வரை பலருக்குச் சிறுகுடலில் தற்காலிகத் துளையிட்டு வயிற்றில் பை பொருத்துவார்கள். சில மாதங்களில் அதை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் நோயாளியையும் குடும்பத்தையும் தாங்கி நிற்பது ‘பையை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்’ என்ற ஒற்றை வாக்கியம். பையை எடுத்த பின்னரே இத்தொல்லைகள் தொடங்குகின்றன. ஆகவே அவை நோயாளிக்கு அறுவையின் விளைவாகத் தோன்றுவதில்லை. தன் உணவின் குற்றமாகவோ, மனத்தின் பலவீனமாகவோ, புற்று திரும்பிவிட்டதன் அறிகுறியாகவோ தோன்றுகின்றன.

இத்தொகுதிக்கு ஆங்கில மருத்துவ நூல்களில் ஒரு பெயர் புழங்கி வந்தது: ‘லோ ஆன்டீரியர் ரிசெக்ஷன் சிண்ட்ரோம்’, சுருக்கமாக ‘லார்ஸ்’. தமிழில் ‘தாழ்நிலைக் குடல் அறுவைக்குப் பிந்தைய கூட்டறிகுறி’ எனலாம். பெயர் இருந்தும் அளவுகோல் இல்லை. 2012இல் டென்மார்க்கின் எமெர்ட்சனும் லவுர்பெர்கும், அறுவை செய்துகொண்டவர்களிடமே கேட்டு, ஐந்தே கேள்விகள் கொண்ட அளவுகோலை வகுத்தனர். மொத்தம் 42 புள்ளிகள். 30 அல்லது அதற்கு மேல் வந்தால் கடும் பாதிப்பு. புள்ளிகள் பங்கிடப்பட்ட விதமே ஒரு செய்தி. நீராகக் கசிவதற்கு உச்சம் 3. எத்தனை முறை போகிறார் என்பதற்கு உச்சம் 5. அதுவும் நாளொன்றுக்கு ஒருமுறைகூடப் போகாதவருக்கே அந்த 5. காற்றை அடக்க இயலாமைக்கு 7. ஒருமுறை போன ஒரு மணி நேரத்துக்குள் மீண்டும் போக நேர்வதற்கு 11. அடக்க முடியாமல் ஓட நேர்வதற்கு 16. எந்த அறிகுறி வாழ்வை எவ்வளவு குலைக்கிறது என்று நோயாளிகள் சொன்னதன் அடிப்படையில் அமைந்த கணக்கு இது.

அதே ஐந்து கேள்விகளை மருத்துவர்களிடம் கொடுத்து, நோயாளியை மிகுதியும் வருத்துவது எது என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வு ஒன்று 2014இல் வெளியானது. நீராகக் கசிவதையும் போகும் எண்ணிக்கையையும் வல்லுநர்கள் மிகைப்படுத்தினர். மீண்டும் மீண்டும் போக நேர்வதையும் ஓட நேர்வதையும் குறைத்து மதித்தனர். ஆண்டுக்கணக்கில் இந்நோயாளிகளையே பார்த்து வந்தவர்கள் அவர்கள். இடையில் இருந்த கேட்கப்படாத கேள்விகளே இவ்வேறுபாட்டுக்கு இடம் தந்திருக்க வேண்டும். பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இவ்வகை அறுவைக்குப் பின் பத்தில் நால்வர் அளவுக்குக் கடும் பாதிப்பு இருப்பதாகத் தெரியவந்தது.

2020இல் பன்னாட்டு உடன்பாட்டு வரையறை ஒன்று வெளியிடப்பட்டது. எட்டு அறிகுறிகளோடு எட்டு விளைவுகளையும் அது சேர்த்துக்கொண்டது. கழிப்பறையைச் சார்ந்தே வாழ நேர்வது, எப்போதும் குடலைப் பற்றிய நினைவாகவே இருப்பது, வெளியே செல்ல உத்திகள் வகுப்பது, மனநலம், உறவும் நெருக்கமும், வேலையும் பொறுப்புகளும் ஆகியவை அவ்விளைவுகளுள் அடங்கும். குடலின் நோய்க்கு இலக்கணம் எழுதும்போது வாழ்க்கையையும் அதனுள் சேர்த்தது பெரிய மாற்றம். அவ்விலக்கணம் மூன்று மொழிகளில் நோயாளிகளைக் கலந்து எழுதப்பட்டது: ஆங்கிலம், ஸ்பானியம், டேனிஷ்.

பெங்களூருக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. ஓசூர் சாலையை ஒட்டி அமைந்த கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிறுவனம் 1973இல் தொடங்கப்பட்டது. 1981 இறுதியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது, மும்பை, சென்னை ஆகியவற்றோடு பெங்களூரும் மக்கள்தொகைப் பதிவேட்டு நகராயிற்று. 1982 முதல் இந்நகரத்தின் புற்றுநோய்கள் எண்ணப்பட்டு வருகின்றன. அத்திட்டத்தை நாடு முழுமைக்கும் நடத்தும் மையமும் இந்நகரிலேயே உள்ளது. எனவே இந்தியாவின் புற்றுநோய் எண்ணப்படும் நகரம் பெங்களூரு என்று சொல்வது மிகையாகாது. ஆயின் பதிவேடு என்பது யாருக்கு, எந்த உறுப்பில், எப்போது நோய் வந்தது, அவர் எவ்வளவு காலம் வாழ்ந்தார் என்று எழுதும் ஏடு. வாழ்ந்தவர் எவ்வாறு வாழ்ந்தார் என்பதற்கு அதில் கட்டம் இல்லை. அப்பணிக்காக அது உருவாக்கப்படவுமில்லை. அக்கட்டத்தை வேறெங்கோ திறந்தாக வேண்டும்.

அங்கேதான் மொழி மீண்டும் குறுக்கிடுகிறது. இந்நகரத்து அரசு மருத்துவமனை ஒன்றின் புறநோயாளர் வரிசையில் கன்னடமும் தமிழும் தெலுங்கும் உருதும் கலந்து ஒலிக்கும். மருத்துவர் ஒரு மொழியில் கேட்பார். செவிலியர் மற்றொன்றில் சொல்வார். மகனோ மருமகளோ மூன்றாவதில் விளக்குவார். வாழ்க்கைத்தரத்தை அளக்க 1993இல் ஐரோப்பாவில் வெளியான 30 கேள்விகள் கொண்ட பொது வினாத்தாள் தமிழிலும் கன்னடத்திலும் பெயர்க்கப்பட்டிருக்கிறது. இருவர் தனித்தனியே பெயர்த்து, வேறொருவர் அதை மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து, நோயாளிகளிடம் படித்துக் காட்டிச் சரிபார்ப்பது இதற்கான முறை. அம்முறை சொற்பிழையைப் பிடித்துவிடும். இடக்கரடக்கலைப் பிடிப்பது அதைவிடக் கடினம்.

‘காற்று’ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘உங்களுக்கு வாயுத் தொல்லை உண்டா?’ என்று கேட்டால் தமிழர் பெரும்பாலோர் உண்டு என்பர். வயிற்று உப்புசம், ஏப்பம், நெஞ்சடைப்பு, முதுகுப்பிடிப்பு வரை எல்லாம் ‘வாயு’ அல்லது ‘கேஸ்’. அளவுகோல் கேட்பதோ ஆசனவாய் வழியாகக் காற்றுப் பிரிவதை அடக்க முடிகிறதா என்பதை. ‘அவசரம்’ என்பதும் அவ்வாறே. தமிழில் ‘அவசரமாக வருகிறது’ என்பதே ஓர் இடக்கரடக்கல்; சிறுநீருக்கும் மலத்துக்கும் பொதுவானது. ஐந்து நிமிடம் பொறுக்கலாம் என்பதற்கும் ஐந்து எட்டு வைக்க முடியாது என்பதற்கும் அது ஒன்றே. ‘எத்தனை முறை போகிறீர்கள்?’ என்பதற்குக் காலை ஆறு மணி முதல் எட்டு மணிவரை ஆறுமுறை எழுந்து போனவர் ‘காலையில் ஒருமுறை’ என்று விடை சொல்லக்கூடும். அவருக்கு அது ஒரே காலைக்கடன். 11 புள்ளிக்குரிய துன்பம் சுழியமாகப் பதிவாகிவிடும். ‘போய்விட்டு வந்த ஒரு மணி நேரத்துக்குள் மறுபடியும் எழுந்து போக வேண்டியிருக்கிறதா?’ என்று முழு வாக்கியமாகக் கேட்டால்தான் விடை கிடைக்கும். கலைச்சொல்லைவிட விளக்கச் சொற்றொடரே இங்கு வேலை செய்கிறது.

இத்துன்பம் நகரத்தின் அன்றாடத்தில் எவ்வாறு படிகிறது என்பதையும் காண வேண்டும். பீனியாவின் தொழிற்கூடத்தில் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவர், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்தால் உற்பத்திக் கணக்குக் குறையும். பேருந்தில் ஒன்றரை மணி நேரம் செல்பவருக்கு வழியில் எந்தக் கழிப்பறை திறந்திருக்கும் என்பது உயிர்நாடியான செய்தி. பலர் கண்டுபிடிக்கும் முதல் உத்தி உண்ணாமை. மாலையில் திருமணம் என்றால் காலை முதல் பட்டினி; பந்தியில் அமர்ந்து இலையை மூடிவிட்டு எழுதல். பலருக்குத் தூய்மையைப் பற்றிய ஐயம் கோயில் வாசலிலேயே காலைத் தடுக்கிறது. காற்றுப் பிரிந்தால் ஒளு முறியும் என்ற விதியை அறிந்த முஸ்லிம், பள்ளிவாசல் வரிசையிலிருந்து மெல்ல விலகி வீட்டிலேயே தொழத் தொடங்குகிறார். தொடர்நோய் உள்ளவர்க்குச் சமயச் சட்டம் சலுகை தருகிறது. ஆனால் அதைக் கேட்டறிய, நோயைப் பிறரிடம் சொல்லியாக வேண்டும். கணவன் மனைவியிடையே படுக்கை பிரிகிறது; காரணம் இருவராலும் பேசப்படுவதில்லை. இந்திய மருத்துவமனைகளுக்கு வரும் மலக்குடல் புற்றுநோயாளிகளில் நாற்பது வயதுக்கு உட்பட்டோர் கணிசமானவர் என்பதால், பலருக்கு இவை இன்னும் முப்பது, நாற்பது ஆண்டுகள் தொடரக்கூடிய கேள்விகள்.

மருத்துவத்தில் வழி இல்லாமலில்லை. முதல் ஓரிரு ஆண்டுகளில் பலருக்குத் தொல்லை படிப்படியாகத் தணிகிறது. உணவுமுறையைத் திருத்துதல், இசப்கோல் போன்ற நார்ப்பொருள், மருத்துவர் ஆலோசனையோடு குடலியக்கத்தை மட்டுப்படுத்தும் மாத்திரை, இடுப்புத்தளத் தசைப் பயிற்சி ஆகியவை முதற்படி. ஆசனவாய் வழியாக நீர் செலுத்திக் குடலைக் குறித்த நேரத்தில் கழுவிக்கொள்ளும் முறை பலருக்குச் சில மணி நேர விடுதலையைத் தருகிறது. கீழ்முதுகு நரம்பை மின்தூண்டலால் ஒழுங்குபடுத்தும் கருவியும் உண்டு. எதுவும் பயன்படாதபோது நிரந்தரத் துளையை மீண்டும் விரும்பி ஏற்று, அதன்பின் நிம்மதியாகப் பயணம் செய்பவர்களும் இருக்கிறார்கள்; அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. 2004இல் பிரேசிலின் ஆஞ்செலிட்டா ஹப்ர்-காமா, கதிர்வீச்சாலும் மருந்தாலும் புற்று முற்றும் மறைந்த 71 நோயாளிகளை அறுவையின்றிக் கண்காணித்ததன் முடிவுகளை வெளியிட்டார். மலக்குடலை அகற்றாமலே காக்கும் அந்தப் பாதை இன்று தக்கவர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் இவற்றில் எதுவும், தொல்லை இருக்கிறது என்று ஒருவர் சொல்லி, மற்றவர் கேட்டால்தான் தொடங்கும்.

தொல்காப்பியம் மறைக்கச் சொன்னது அவையில். மருத்துவரும் நோயாளியும் மட்டும் இருக்கும் அறை அவையாகாது. அங்கே வெளிப்படச் சொல்வதே தகுதி வழக்கு என்று எளிதில் வாதிட்டுவிடலாம். ஆனால் இந்நாட்டின் புறநோயாளர் அறையைப் பார்த்தவர்கள் அறிவார்கள்: மேசையைச் சுற்றி மருத்துவ மாணவர்கள், கதவருகே அடுத்த நோயாளி, தோளருகே மருமகள். அது முழுமையான அவை. அங்கே ‘கட்டுப்படுத்த முடிகிறதா?’ என்று கேட்டால், ‘பரவாயில்லை’ என்ற விடைதான் வரும். இலக்கண மரபு அவ்விடையைத்தான் அவருக்குக் கற்பித்திருக்கிறது.

ஆகவே தேவைப்படும் சீர்திருத்தம் மிகச் சிறியது, செலவும் குறைவு. அறுவைக்கு முன்பே, பை எடுத்த பின் என்ன நேரக்கூடும் என்று சொல்லிவிடுதல். பின்னர் ஒவ்வொரு வருகையிலும், அவையிலிருந்து விலகிய ஓர் இடத்தில், அவரவர் மொழியில், முழு வாக்கியமாக அமைந்த ஐந்து கேள்விகளைக் கையில் கொடுத்தல் அல்லது ஒரு செவிலியர் தனியே அமர்ந்து கேட்டல். எழுத்துக் கூட்டிப் படிக்க இயலாதவருக்குக் குரல்பதிவு. இவற்றுக்கு வேண்டிய தமிழும் கன்னடமும் ஏற்கெனவே பெங்களூரின் தெருக்களில் இருக்கின்றன. அவற்றை நோயாளிகளிடமிருந்தே கேட்டு, எழுதி, அவர்களிடமே சரிபார்க்கும் பணி எஞ்சியிருக்கிறது.